முதல் சீட்டு சரியாக வருகிறது, ஆயிரமாவது சீட்டில் நிற்கிறது: திரும்பத் திரும்ப அழைத்தால் விழும் ஃபங்ஷனைச் சரிசெய்வது

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் டிப்போக்களுக்கு எடைச்சீட்டு போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பதும், அது மக்கர் செய்யும்போது போய்ப் பார்ப்பதும் என் வேலை. விவசாயி மூட்டையைத் தராசில் வைப்பார். ப்ரோகிராம் எடையை வாசித்து, கணக்கில் ஏற்றி, சீட்டை அச்சடித்துக் கொடுக்கும். இவ்வளவும் ஒரே ஃபங்ஷன், அதாவது ப்ரோகிராமில் பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் ஒரு துண்டு. கொழுந்து கொட்டும் மே, ஜூன் மாதங்களில் ஒரு டிப்போவில் அது நாளைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது முறை ஓடும். எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, காலையில நல்லாத்தாங்க ஓடுச்சு. இப்ப சீட்டு வரமாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி வருதுங்க."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வருகிறது என்றாலே, முந்தைய அழைப்புகள் எதையோ மூடாமலோ துடைக்காமலோ விட்டுவிட்டுப் போயிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அது எது என்று தேடும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் வேலை செய்வது பைத்தானிலும் லினக்ஸிலும். மற்ற மொழிகளில் பெயர்களும் எண்களும் மாறும், தேடும் முறை பெரிதாக மாறாது.

## தேடத் தொடங்கும் முன்: எத்தனையாவது முறை?

டிப்போவுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு வேலை. ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு எண்ணியை வைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் அந்த எண்ணையும் நேரத்தையும் திரையில் அச்சிடச் செய்யுங்கள். பிறகு தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டிலேயே அந்த ஃபங்ஷனை ஒரு லூப்பில் 5,000 முறை ஓட விடுங்கள். தராசுக்குப் பதிலாக ஏதாவது ஒரு எடையைத் தரும் பொய்த் தராசு போதும். மூன்று நாள் கழித்து டிப்போவில் விழுவது உங்கள் மேசையில் மூன்று நிமிடத்தில் விழும்.

- ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே எண்ணில் விழுந்தால், ஏதோ ஒரு வரம்பை முட்டுகிறீர்கள். முதல் மூன்று தலைப்புகளைப் பாருங்கள்.
- விழாமல் மெதுவாகிக்கொண்டே போனால் நான்காவது.
- பொய்த் தராசோடு விழவே இல்லை, டிப்போவில் மட்டும் விழுகிறது என்றால் ஐந்தும் ஆறும்.

ட்ரை, எக்ஸெப்ட் போட்டுப் பிழையை விழுங்கும் வரிகள் எங்கேயாவது இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்த அந்த எக்ஸெப்ட்டால் நான் இழந்த ஞாயிற்றுக்கிழமைகள் அதிகம்.

## 1. முதல் அழைப்பு சரி, இரண்டாவதே தப்பு

### முந்தைய ஆளின் எடை அடுத்த ஆளின் சீட்டில் வருகிறது

முதல் விவசாயி மூன்று மூட்டை: 22, 19, 24. சீட்டில் 65 கிலோ, சரி. அடுத்தவர் ஒரே மூட்டை, 18 கிலோ. சீட்டில் 83. அவர் நேர்மையாளர், திருப்பிக் கொடுத்தார். கொடுக்காமல் போயிருந்தால் மாதக் கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

ஃபங்ஷனின் தலைப்பு வரியைப் பாருங்கள். மூட்டைகளின் பட்டியலுக்கு டீஃபால்ட்டாக ஒரு காலி லிஸ்ட் எழுதியிருக்கிறதா? அந்த லிஸ்ட்டை பைத்தான் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகச் செய்வதில்லை. ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, எல்லா அழைப்புக்கும் அதையே நீட்டுகிறது. டீஃபால்ட்டை 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று மாற்றி, உள்ளே நுழைந்ததும் புது லிஸ்ட் செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. தப்பாகப் போன சீட்டுகளைத் தேடித் திருத்துவதுதான் நாள் கணக்கில் இழுக்கும்.

டீஃபால்ட் சரியாக இருந்தால், ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் குளோபல் லிஸ்ட்டையும் டிக்‌ஷனரியையும் பாருங்கள். அதே நோய், இடம் மட்டும் வேறு.

### இரண்டாம் முறை காலியாக வருகிறது

பிழைச்செய்தி எதுவும் இருக்காது, சீட்டில் ஒன்றும் இருக்காது. பைத்தானின் ஜெனரேட்டரை (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது) ஒரு முறை ஓட்டி முடித்துவிட்டால் அது தீர்ந்தது, மறுபடி கேட்டால் ஒன்றும் தராது. திறந்தே வைத்திருக்கும் ஃபைலும் அப்படித்தான்: கடைசி வரை படித்தபின் மறுபடி படித்தால் வெறுமைதான் வரும். ஜெனரேட்டரை லிஸ்ட் ஆக்குங்கள், ஃபைலில் படிக்கும் இடத்தை மறுபடி தொடக்கத்துக்கு நகர்த்துங்கள்.

### த்ரெட் பற்றிய புகாரோடு விழுகிறது

ஒரு த்ரெட்டை (ப்ரோகிராமுக்குள் பக்கத்திலேயே தனியாக ஓடும் வேலை) ஒரு முறைதான் தொடங்க முடியும். ஒவ்வொரு அழைப்பிலும் புது த்ரெட் செய்யுங்கள், சரியாகிவிடும்.

## 2. ஏறக்குறைய ஆயிரத்தில் விழுகிறது

இரண்டு வரம்புகள் இந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எது என்று செய்தியே சொல்லிவிடும், சில நேரம் பொய்யும் சொல்லும்.

### செய்தியில் ரிகர்ஷன் என்ற வார்த்தை இருக்கிறது

பைத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக ஆயிரம் அழைப்புகள் வரைதான் இயல்பாக அனுமதிக்கும். நான் பார்த்தவரை இதற்குக் காரணம் எப்போதும் "மறுபடி முயற்சி செய்" என்பதை ஃபங்ஷன் தன்னையே அழைத்துச் செய்வதுதான். என் பழைய ப்ரோகிராமிலேயே இருந்தது: தராசின் எண் நிலைக்கவில்லை என்றால் எடை வாசிக்கும் ஃபங்ஷன் தன்னையே மறுபடி கூப்பிடும், நொடிக்குப் பத்து முறை. ஆயிரத்தைத் தொட நூறு நொடி போதும். மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே யாராவது ஒன்றேமுக்கால் நிமிடம் ஊர்க்கதை பேசினால் ப்ரோகிராம் விழுந்துவிடும். திறந்த பக்கம் காற்றைப் பார்த்திருக்கும் டிப்போவில் கதைகூடத் தேவைப்படவில்லை, காற்றே தட்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

தன்னையே அழைக்கும் வரியை எடுத்துவிட்டு வைல் லூப் போடுங்கள். இத்தனை முறைக்கு மேல் வேண்டாம் என்று ஒரு எல்லையும், "மூட்டையை விட்டுக் கையை எடுக்கவும்" என்று ஒரு செய்தியும் சேர்த்துவிடுங்கள். ரிகர்ஷன் வரம்பைப் பத்தாயிரமாக உயர்த்தச் சொல்லும் ஆலோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று அதையும் தாண்டும்.

### செய்தி 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்கிறது, அல்லது தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை என்கிறது

இதில்தான் நான் அதிகம் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய ஃபைல்களின் வழக்கமான வரம்பு 1,024. அதில் மூன்று ஆரம்பத்திலேயே போய்விடும். தராசின் போர்ட், தரவுத்தளம், அது இது என்று இன்னும் சில. ஆக, அழைப்புக்கு ஒரு ஃபைல் வீதம் மூடாமல் விட்டால் 1,010க்கும் 1,020க்கும் நடுவில் எங்கேயோ விழும்.

சோலூர்மட்டம் பக்கத்து டிப்போ ஒன்றில் என் ப்ரோகிராம் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை சாயங்காலத்தில் விழ ஆரம்பித்தது. கோடில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. திரையில் வந்த செய்தி, எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் சிறு தரவுத்தளம்) தரவுத்தள ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றது. நான் தரவுத்தளத்தையே குடைந்துகொண்டிருந்தேன்: ஃபைல் அனுமதி, டிஸ்க்கில் இடம், பழுதான எஸ்டி கார்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான்காவது முறை போனபோது எழுத்தரிடம், "போன மாசத்துல இருந்து இங்க என்னங்க புதுசு?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்கண்ணா. யூபிஎஸ் வாங்கிப் போட்டாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அதேதான். அதுவரை தினம் ஒரு முறையாவது கரண்ட் போகும், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும், எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். என் பிழையை இரண்டு வருடமாக மின்வெட்டு தினமும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. யூபிஎஸ் வந்தபின் ப்ரோகிராம் நாள் கணக்கில் அணையாமல் ஓடியது. நாளைக்கு 340 சீட்டு என்றால் மூன்றாம் நாள் மாலை 1,020.

ஃபைல் எங்கே ஒழுகியது? லாகரில், அதாவது நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பகுதியில். ஃபங்ஷனுக்கு உள்ளேயே லாகரை எடுத்து அதற்கு ஒரு ஃபைல் ஹேண்ட்லரை (குறிப்பை ஃபைலில் எழுதுவது) சேர்த்திருந்தேன். ஒரே பெயரில் கேட்டால் பைத்தான் ஒரே லாகரைத்தான் திருப்பித் தரும். ஹேண்ட்லரோ அழைப்புக்கு ஒன்றாக அதன்மேல் ஏறிக்கொண்டே போகும், ஒவ்வொன்றும் ஒரு ஃபைலைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு அழகான அடையாளம் ஒன்று உண்டு, லாக் ஃபைலைத் திறந்தாலே தெரியும்: முதல் விவசாயியின் வரி ஒரு முறை, இரண்டாமவரின் வரி இரண்டு முறை, முந்நூற்று நாற்பதாவது ஆளின் வரி 340 முறை. ஒரே நாளில் 340 வரி இருக்கவேண்டிய இடத்தில் 57,970 வரி. இரண்டு வருடமாக அந்த ஃபைலை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற காரணங்களையும் சேர்த்து, சோதிக்கும் வரிசை இது:

ப்ரோகிராம் ஓடும்போதே ப்ராசஸ் எண்ணைப் பார்த்து, 'ப்ராக்' அடைவில் அந்த எண்ணின் கீழ் இருக்கும் 'எஃப்டி' ஃபோல்டரை (/proc/எண்/fd) திறந்து பாருங்கள். 'எல்எஸ்ஓஎஃப்' (lsof) கட்டளையும் இதையே காட்டும். பத்து சீட்டு போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பத்து வரி கூடியிருந்தால் எந்த ஃபைல் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனியுங்கள். லாக் ஃபைல் என்றால், ஹேண்ட்லர் சேர்க்கும் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே, ப்ரோகிராம் தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். தரவுத்தளம் என்றால் அடுத்த தலைப்பு. 'சாக்கெட்' என்று வந்தால் நெட்வொர்க் இணைப்பை மூடவில்லை. 'பைப்' என்று வந்தால் அச்சடிக்க வெளிக் கட்டளையை ஓட்டும் இடத்தைப் பாருங்கள். சாதாரண ஃபைல் என்றால் 'வித்' (with, வேலை முடிந்ததும் ஃபைலைத் தானே மூடும்) போட்டுத் திறக்காத இடத்தைத் தேடுங்கள்.

யூலிமிட்டை, அதாவது அந்த 1,024 வரம்பை, 4,096 ஆக்கினால் சரியாகாதா என்று கேட்பார்கள். ஆகும், பன்னிரண்டு நாளைக்கு.

## 3. பதினைந்து அல்லது நூறுக்குப் பிறகு தரவுத்தளம் கதவைச் சாத்துகிறது

பல டிப்போக்களின் கணக்கு ஒரே சர்வருக்குப் போகும் இடங்களில் வருவது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள சர்வர் இயல்பாக 100 இணைப்புகள் வரை ஏற்கும். அதில் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கியவை, ஆக உங்களுக்கு 97. மைஎஸ்க்யூஎல்லில் 151.

பதினாறாவது அழைப்பு அரை நிமிடம் அப்படியே நின்று, அப்புறம் விழுகிறதா? எஸ்க்யூஎல் ஆல்கெமி என்ற பைத்தான் நூலகத்தின் பூல் (திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு) அது. ஐந்து இணைப்பு, நெருக்கடிக்கு இன்னும் பத்து, அதற்கு மேல் கேட்டால் 30 நொடி காத்திருந்து கைவிரிக்கும். இந்த அரை நிமிடத் தயக்கத்தைப் பார்த்து நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இணைப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதலில் ஃபங்ஷனின் நடுவே 'ரிட்டர்ன்' ஆகும் இடங்களைப் பாருங்கள். மூடும் வரி கடைசியில் இருக்கும், எடை பூஜ்யம் என்றால் ஃபங்ஷன் அதற்கு முன்பே வெளியே போய்விடும். அடுத்தது ஒரு பொறி. 'வித்' போட்டால் ஃபைல் மூடிக்கொள்வதுபோல் தரவுத்தள இணைப்பும் மூடிக்கொள்ளும் என்று நம்பிவிடுவோம். எஸ்க்யூலைட்3, சைகோபிஜி2 இரண்டிலும் இணைப்பின்மேல் போடும் 'வித்' அந்த டிரான்ஸாக்‌ஷனை மட்டுமே முடிக்கும், இணைப்பு திறந்தேதான் இருக்கும். மூடுவது உங்கள் பொறுப்பு, 'ஃபைனலி' பகுதியில் எழுதுங்கள்.

சரிபார்க்க, போஸ்ட்கிரஸின் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' பட்டியலில் 'ஐடில்' என்று சும்மா நிற்பவை எத்தனை என்று எண்ணுங்கள். சீட்டுக்கு ஒன்று கூடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

## 4. விழவில்லை, மெதுவாகிக்கொண்டே போகிறது

முதல் சீட்டுக்கும் நூறாவது சீட்டுக்கும் ஆயிரமாவது சீட்டுக்கும் ஆகும் நேரத்தை எழுதி வையுங்கள்.

### நேரம் கூடுகிறது, மெமரி அப்படியே இருக்கிறது

ஒவ்வொரு அழைப்பிலும் ஃபங்ஷன் எதையோ முதலிலிருந்து தேடுகிறது. விவசாயி எண்ணை நீளமான லிஸ்ட்டில் தேடினால் டிக்‌ஷனரி ஆக்குங்கள். அட்டவணையில் தேடினால் அந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் போடுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

### மெமரியும் கூடுகிறது

'டாப்' கட்டளையில் ப்ராசஸின் மெமரியை அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் ப்ரோகிராம் எந்தச் செய்தியும் இல்லாமல் மறைந்தால், லினக்ஸே அதைக் கொன்றிருக்கும். வெளியேறும் எண் 137 என்று இருக்கும், 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் மெமரி தீர்ந்த செய்தியும் இருக்கும்.

எளிய காரணம், யாரும் காலி செய்யாத லிஸ்ட் ஒன்று. அடுத்தது, வரம்பில்லாமல் வைத்த கேஷ் (முன்பு கண்ட விடைகளைச் சேர்த்து வைக்கும் இடம்). பைத்தானின் எல்ஆர்யூ கேஷ் இயல்பாக 128 விடைகளைத்தான் நினைவில் வைக்கும். வரம்பு 'நன்' என்று யாராவது கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். இரண்டும் இல்லை என்றால், மெமரியை எந்த வரி எடுக்கிறது என்று காட்டும் பைத்தானின் 'ட்ரேஸ்மாலக்'கில் (tracemalloc) நூறாவது அழைப்பில் ஒரு படம், ஆயிரமாவதில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். எந்த வரி வளர்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

## 5. வெளி சர்வரோடு பேசும்போது மட்டும் விழுகிறது

### 429 என்று பதில் வருகிறது

அளவுக்கு மேல் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் இடத்தில் இதைப் பார்ப்பேன். பதிலோடு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று வந்தால் அதை மதியுங்கள். வராவிட்டால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். உடனே உடனே மறுபடி கேட்டால் தடை நீளத்தான் செய்யும்.

### ஒரு மணி நேரம் சரி, அப்புறம் 401

எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுழைய சர்வர் கொடுத்த அனுமதிச்சீட்டான டோக்கனின் ஆயுள் முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் வரியைச் சேருங்கள்.

### பிழையும் இல்லை, பதிலும் இல்லை, அப்படியே நிற்கிறது

மலையில் இதுதான் அதிகம். மழை பிடித்துக்கொண்டால் டவர் போகும், வரும், அரைகுறையாக வரும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நீங்கள் டைம்அவுட் சொல்லாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். நூறு முறை பதில் வந்துவிட்டு நூற்றியோராவது முறை டவர் பாதியில் போனால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சீட்டு நின்றுவிடும். பத்து நொடி டைம்அவுட் வையுங்கள். அதைவிட நல்லது, குறுஞ்செய்தி அனுப்புவதைச் சீட்டுப் போடும் ஃபங்ஷனிலிருந்து பிரித்து, தனி வரிசையில் போட்டுப் பிறகு அனுப்புவது. குறுஞ்செய்தி தாமதமானால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

## 6. ஒவ்வொரு நாளும் வேறு எண்ணில் விழுகிறது

### 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு'

இன்னொரு ப்ரோகிராம் அதே எஸ்க்யூலைட் ஃபைலில் எழுதிக்கொண்டோ நீளமாகப் படித்துக்கொண்டோ இருக்கிறது. பைத்தான் 5 நொடி காத்திருந்துவிட்டு விழும். மதியம் கணக்குப்பிள்ளை ரிப்போர்ட் எடுக்கும் நேரமும் விழும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 'டபிள்யூஏஎல்' (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறைக்கு மாற்றினால் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் மறிக்கமாட்டார்கள்.

### தராசின் போர்ட்டைக் காணவில்லை

யூஎஸ்பி கேபிள் ஒரு கணம் விட்டுப் பிடித்தால், 'டிடிஒய் யூஎஸ்பி 0' (ttyUSB0) என்று இருந்த தராசு 1 ஆக எழுந்து வரலாம். உங்கள் ஃபங்ஷன் 0ஐயே தட்டிக்கொண்டிருக்கும். 'டிமெசேஜ்' பாருங்கள், துண்டித்த நேரம் இருக்கும். மாறாத 'பை-ஐடி' (by-id) முகவரியைப் பயன்படுத்துங்கள். கையோடு கேபிளையும் மாற்றிவிடுங்கள். நனைந்த இலை, மூடுபனி, கொள்முதல் மேடையின் ஈரம் எல்லாம் சேர்ந்து பின்களில் பச்சை பூத்துவிடும். ப்ரோகிராமைப் பார்க்கும் முன் கேபிளைப் பார்த்திருந்தால் ஒரு பகல் மிச்சம் என்று நினைத்த நாட்கள் எனக்கு உண்டு.

## அதுவரைக்கும் என்ன செய்வது

இரவு டிப்போ மூடியபின் ப்ரோகிராமை ஒரு முறை மறுபடி தொடங்க க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு வரி போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சீசனில் நானும் போட்டிருக்கிறேன். ஆனால் எதற்காகப் போட்டோம் என்று அந்த வரிக்கு மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதைத் தேவையில்லாத வரி என்று நீக்குவார், மூன்றாம் நாள் உங்களுக்கு போன் வரும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

தரவுத்தளம் சிதைந்துவிட்டது, 'மால்ஃபார்ம்டு' என்று செய்தி வந்தால் அதன்மேல் எதையும் ஓட்டாதீர்கள். ப்ரோகிராமை நிறுத்தி, தரவுத்தள ஃபைலையும் அதன் பக்கத்தில் 'டபிள்யூஏஎல்' என்று முடியும் ஃபைலையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

'ட்ரேஸ்மாலக்' எதுவும் வளரவில்லை என்கிறது, 'டாப்' மட்டும் மெமரி ஏறுகிறது என்றால், ஒழுகல் பைத்தானுக்கு வெளியே, சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கிறது. பதிப்பை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இரண்டு நாளுக்கு மேல் நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம்.

தராசே தப்பான எடை தருகிறது என்று தெரிந்தால் அதைத் திறக்காதீர்கள். எடையளவுத் துறையின் முத்திரை அதில் இருக்கும், உரிமம் உள்ள பழுதுபார்ப்பவர்தான் கைவைக்க வேண்டும். தப்பான சீட்டுக்குப் பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் கணக்குப்பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள், என்னைப் போன்றவர்களை அப்புறம்.

கூப்பிடும்போது கையில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எத்தனையாவது அழைப்பில் விழுந்தது, பிழைச்செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கடைசியாக டிப்போவில் எது புதிதாக வந்தது. மூன்றாவதைக் கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். பிளக் பாயின்ட்டில் என்னென்ன செருகியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.